வெங்காயத்தோடு வந்த சோட்டு

எங்கள் வீட்டுக் கடனுக்குக் காரணம் ஒரு கப்பல். அது தாமதமாக வந்திருந்தால் நாங்கள் வசதியாகியிருப்போம். சென்னையிலிருந்து வரும் கப்பல் சொன்ன நாளில் வந்து சேர்ந்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்பா அந்தத் தாமதத்தை நம்பிக் காசு போட்ட அந்த ஒரு முறை மட்டும், அது நல்ல பிள்ளையாக நேரத்துக்கு வந்து நின்றது.

அப்பா அந்தமானில், போர்ட் பிளேர் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். கப்பல் நாலு நாள் பிந்தினால் வெங்காய விலை எப்படி ஏறும், அதில் முதலாளியின் முகம் எப்படி மலரும் என்பதைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒரு மழைக்காலத்தில் கடலில் புயல் உருவாகியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். இனி ரெண்டு வாரத்துக்குக் கப்பல் வராது என்று பஜாரே பேசியது. அப்பா அன்று சாயங்காலமே ஷாதிபூருக்குப் போய், காண்ட்ராக்டராக இருந்த என் பெரிய மாமாவிடம் கடன் வாங்கி, ஒரு குடோனில் கிடந்த வெங்காயத்தை மொத்தமாகப் பேசி முடித்து, டெம்போவில் ஏற்றி மின்னி பே பகுதியில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். புயல் என்ன நினைத்ததோ, எங்கள் பக்கம் திரும்பாமல் வடக்கே போய்விட்டது. கப்பல் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு கப்பலும் வந்தது.

எங்கள் முன்னறை முழுக்க வெங்காயம். நாங்கள் சமையலறையில் படுத்தோம். அம்மா வெங்காய சாம்பார், வெங்காயத் துவையல், வெங்காய அடை என்று நஷ்டத்தை முடிந்தவரை சாப்பிட்டே தீர்க்கப் பார்த்தாள். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். மிச்சம் முளைவிட்டு அழுகியது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாற்றிக்கேட்டாள்.

அந்த வியாபாரத்தில் எங்களுக்கு மிஞ்சிய ஒரே லாபம் சோட்டு. டெம்போவிலிருந்து மூட்டைகளை இறக்கும்போது ரெண்டு மூட்டைக்கு நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது ஒரு செம்பட்டை நாய்க்குட்டி. குடோனிலிருந்தே வந்திருக்க வேண்டும். அப்பா அதற்கு சோட்டு, அதாவது சின்னவன், என்று பெயர் வைத்தார். அவன் வளர்ந்து வாசல் கதவின் பாதி உயரம் ஆன பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு மட்டும் அவன் சோட்டு இல்லை. "அது" தான். கடனோடு வந்தது என்பதால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்குக் கடன் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். அவனைத் தொடமாட்டாள், கொஞ்சமாட்டாள். ஆனால் வேளை தவறாமல் அவனுடைய ஓட்டை விழுந்த இரும்புச் சட்டியில் சோறும் மீன் தலையும் விழுந்துவிடும். கேட்டால், மிச்சத்தைத்தானே போடுகிறேன் என்பாள். நானும் அதை அப்படியே நம்பினேன். எங்கள் வீட்டில் அப்போது மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடனை அடைக்கும் பொறுப்பை அம்மாதான் எடுத்துக்கொண்டாள். கடன் வாங்கியது அப்பா. ஆனால் கொடுத்தது அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். மாமா நல்லவர், ஒரு நாளும் வாய்திறந்து கேட்டதில்லை. அவர் கேட்காததுதான் அம்மாவை அரித்தது. அத்தையும் கேட்டதில்லை. ஆனால் நாங்கள் போகும்போதெல்லாம் தன் மகள் போட்டுப் பழசான கவுன்களை ஒரு பையில் போட்டு, "பாவம், புள்ளைக்கு ஆகும்" என்று அம்மா கையில் கொடுப்பாள். அதில் ஒரு ரோஸ் நிறக் கவுன் இருந்தது, கழுத்தைச் சுற்றி ஜரிகை வைத்தது. நான் அதற்காக உயிரை விட்டேன். கடன் முடிகிற வரை அந்த வீட்டுத் துணி எதுவும் உன் மேல் ஏறக்கூடாது என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் சும்மா செலவாகவில்லை. மீன் மார்க்கெட் மூடுகிற நேரத்துக்குத்தான் அம்மா போவாள். தேங்காய் மட்டை அடுப்புக்கு, ஓலை ஈர்க்கு விளக்குமாற்றுக்கு. பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழித்துத் தேய்த்தோம். அப்பாவின் செல்போன் மிஸ்டு கால் கொடுப்பதற்கு மட்டும்தான். எங்கள் தீவில் கடிகாரம் மெயின்லேண்டுடையது, சூரியன் எங்களுடையது. காலையில் ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்து, சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி முடித்துவிட வேண்டும். பல்பு எரிந்தால் சோறு வெந்ததா என்று பார்க்க மட்டும். அப்பா எல்லாவற்றுக்கும் "கோயி பாத் நஹி" என்பார். பரவாயில்லை என்று சொல்ல அவருக்குத் தமிழைவிட இந்திதான் தோதாக இருந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் அம்மாவின் சிக்கனம் உச்சத்துக்குப் போனது. மழை நின்றுவிட்டால் எங்கள் பக்கம் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். விடியற்காலையில், எந்த நேரம் என்று சொல்ல முடியாது. வந்தால் அரை மணி நேரம். அதைப் பிடித்து டிரம்மை நிரப்பிவிட்டால் பிழைத்தோம். தவறவிட்டால் காசு கொடுத்து டேங்கர் தண்ணீர் வாங்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாசலுக்கு என்று ஒவ்வொரு சொம்புக்கும் அம்மா ரெண்டு வேலை வைத்திருந்தாள்.

இங்கேதான் சோட்டு தன் சோற்றுக்குக் கூலி கொடுக்க ஆரம்பித்தான். தெரு முனையில் எங்கள் வீட்டை ஒட்டித்தான் பொதுக் குழாய். அதன் பக்கத்தில் ஒரு பழைய வெங்காயச் சாக்கின் மேல்தான் அவன் படுப்பான். தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குழாய்க்குள் காற்று லேசாக சீறும். மனுஷக் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடும். உடனே எழுந்து நின்று குழாயைப் பார்த்துக் குரைப்பான். திருடனுக்கும் பன்றிக்கும் குரைக்கிற குரைப்பு வேறு, இது வேறு. ஏதோ கடிதம் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மாதிரி நிதானமாக விட்டு விட்டுக் குரைப்பான். முதலில் பக்கத்து வீட்டு மாஷி, நாங்கள் அப்படிக் கூப்பிடும் வங்காளி அம்மாள், "பானி ஆ கயா" என்று குரல் கொடுப்பாள். பிறகு தெருவே குடத்தோடு வந்துவிடும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் முதல் குடம் எப்போதும் எங்கள் வீட்டுக் குடம்தான். தெருவில் எல்லோரும் அலாரம் வைக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். மாஷி மீன் முள்ளை அவனுக்கென்றே எடுத்துவைத்துக் கொண்டுவந்து போடுவாள். அப்போதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் மகன் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியது போல இருக்கும். ஆனாலும் "அது குரைக்குது, எந்திரி" என்றுதான் என்னை எழுப்புவாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பங்குனி வெயிலில், சோட்டுவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சட்டியில் போட்டது போட்டபடி கிடந்தது. காதுக்குள் உண்ணிகள். மூக்கு காய்ந்து கிடந்தது. தண்ணீர் வருகிற அன்று எழுந்து நிற்க முடியாமல் படுத்தபடியே குரைத்தான். அந்தக் குரலுக்கும் தெரு எழுந்து வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து அவன் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டோ பிடித்து யாராவது ஒரு நாய் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார். அந்த நேரத்துக்கு அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி மூடியிருக்கும். தனியார் டாக்டர் என்றால் பீஸ், ஊசி, மருந்து, போக வர ஆட்டோ. அலமாரியில் பால் பவுடர் டப்பாவுக்குள் மாமாவுக்கான பணம் இருந்தது. அதுதான் கடைசித் தவணை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் கடன் தீர்ந்தது. அம்மா அந்த அலமாரியைப் பார்த்தாள், பிறகு சோட்டுவைப் பார்த்தாள்.

"காலைல ஆஸ்பத்திரி தொறந்திருவாங்க. காசில்லாமப் பாப்பாங்க. ஒரு ராத்திரிதான, இப்பப் போயி எதுக்கு ஆட்டோவுக்கும் டாக்டருக்கும் அழணும்?"

அப்பா, கோயி பாத் நஹி, காலையில் நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார்.

காலையில் தூக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சோட்டு குழாயடியில் சாக்கின் மேல் முகத்தை வைத்து, குழாயைப் பார்த்தபடி விறைத்துக் கிடந்தான்.

நான் தரையில் விழுந்து அழுதேன். அப்பா மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருந்த தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். மாஷி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மா மட்டும் அழவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் கழுவி வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து குழாயடியைத் தேய்த்துக் கழுவினாள். இரும்புச் சட்டியைக் கவிழ்த்துவைத்தாள். அந்தச் சாக்கை உதறி, வெயிலில் காயப்போட்டு, நாலாக மடித்து எடுத்துவைத்தாள். சாக்கு நல்ல சாக்கு, எதற்காவது ஆகும். அன்று ராத்திரி வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஒரு வேளை அரிசி மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பாள் என நினைத்தேன். எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருந்தது. அப்பாவிடம் மட்டும்தான் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷாதிபூருக்கு நடந்தே போனோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். மாமா பணத்தை எண்ணவில்லை. எண்ணாமலே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "எதுக்குத்தா இம்புட்டு அவசரம்? நா ஏதும் கேட்டேனா?" என்றார். அம்மா, நீ கேக்க மாட்டண்ணே, அதுக்குத்தான், என்றாள். அந்த வீட்டுக்குள் அவள் சுவரில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை டீ கொண்டுவந்தாள். ஊர் விஷயமெல்லாம் பேசிவிட்டு, போகிற போக்கில் நாய் பேச்சும் வந்தது.

"செத்துப்போச்சாமே. நல்லதாப் போச்சு போங்க, ஒரு செலவு கொறஞ்சுது."

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். நான் அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். பதிலுக்கு ஒரு வார்த்தையாவது சொல்லுவாள், இல்லையென்றால் முகத்தையாவது திருப்புவாள் என்று.

"ஆமா மதினி" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் போகலாம் என்றார், அம்மா மறுக்கவில்லை. எங்களுக்கு அது பெரிய ஆடம்பரம். அப்பா ஜிலேபிப் பொட்டலம் ஒன்று வாங்கியிருந்தார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் ஜிலேபி அப்படியே இருந்தது, வீடு வந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் கோபத்தோடு தின்றேன். வீட்டுக்குள் வந்ததும் பெட்டியைத் திறந்து ரோஸ் கவுனை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். கவுனின் கைக்குள் என் கை நுழையவில்லை. கடன் அடைந்து முடிவதற்குள் நான் வளர்ந்துவிட்டிருந்தேன்.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். அதை அம்மா மறக்கவில்லை. டிரம்மைக் கழுவி, குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத்தான் படுத்தாள். ஆனால் இத்தனை வருடமாக எங்கள் தெரு சோட்டுவின் குரலுக்குப் பழகிப்போன தெரு. யாரும் எழுந்துகொள்ளவில்லை. வெயில் முகத்தில் அடித்துத்தான் நான் கண் விழித்தேன். வெளியே வந்தால் குழாயடி ஈரமாக இருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்து, யாரும் இல்லாததால் தன் பாட்டுக்கு ஓடி, நின்றும் போயிருந்தது. தெரு முழுக்க வெறும் குடத்தோடு நின்றார்கள். வழக்கமாக இப்படித் தவறினால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அன்று யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மாஷி மட்டும், "சோட்டு ஹோதா தோ" என்று ஆரம்பித்தாள். சோட்டு இருந்திருந்தால் என்று அர்த்தம். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா காலி டிரம்முக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அம்மா அழுது பார்த்ததில்லை. வெங்காயம் அழுகியபோது அழவில்லை, கடன் கேட்டு அப்பா ஷாதிபூருக்குக் கிளம்பிய அன்றும் அழவில்லை. இப்போது தோள் குலுங்கக் குலுங்க, மூச்சு வாங்கி வாங்கி அழுதாள். வெறும் டிரம்முக்குள் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்தார்.

"அட, கோயி பாத் நஹி. இனி நமக்கு என்ன, கடனா ஒடனா? டேங்கர்காரன்ட்டச் சொன்னா கொண்டாந்து ஊத்திட்டுப் போறான். ஒரு டிரம் தண்ணிக்கா இந்த அழுகை?"

அதைக் கேட்டு அம்மா இன்னும் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோட்டு செத்துக் கிடந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அத்தையிடம் ஆமாம் போட்டுவிட்டு வந்தவள், காசு கொடுத்தால் கிடைக்கிற தண்ணீருக்குத் தெருவே பார்க்க அழுகிறாள். ரெண்டு நாளாக அடக்கிவைத்தது வாயில் வந்துவிட்டது.

"சோட்டுக்கு அழுகல. தண்ணிக்கு மட்டும் அழுகுற."

அப்பா என்னை அதட்டக் கையை ஓங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"ஆமாத்தா" என்றாள். "தண்ணிக்குத்தான்."

எனக்கு அது போதுமாக இருந்தது. நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்ற திமிரோடு பள்ளிக்கூடம் போனேன். அன்று மத்தியானம் டேங்கர் வந்தது. அம்மா விலை பேசவில்லை, கேட்டதைக் கொடுத்தாள்.

அடுத்த முறையிலிருந்து எங்கள் தெருவில் யாரும் தண்ணீரைத் தவறவிடவில்லை. எல்லார் வீட்டிலும் செல்போனில் அலாரம் அடித்தது. எங்கள் வீட்டில் அதுவும் தேவைப்படவில்லை. விடிவதற்கு முன்னாலேயே அம்மா எழுந்துபோய்க் குழாயடியில் உட்கார்ந்துவிடுவாள். மடித்துவைத்த அந்தச் சாக்கைப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். தண்ணீர் வந்ததும் மாஷி வீட்டுக் கதவைத் தட்டுவாள், என்னை எழுப்புவாள், டிரம் நிரம்பும். ஒரு தடவை பட்டதற்கு அம்மா எவ்வளவு உஷாராகிவிட்டாள் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா இல்லை. வெளியே வந்து பார்த்தேன். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது, கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அம்மா குழாயைப் பார்த்தபடி சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். குடம் எதுவும் எடுத்துவைத்திருக்கவில்லை. கவிழ்த்துவைத்திருந்த இரும்புச் சட்டி நிமிர்ந்திருந்தது. முந்தின நாள்தான் தண்ணீர் வந்து டிரம்மை நிரப்பியிருந்தோம். எத்தனை வருடக் கடனையும் விரல் நுனியில் வைத்திருந்த அம்மாவுக்கு முதல் முறையாக நாள் கணக்குத் தவறிவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டே போய், "அம்மா, இன்னைக்குத் தண்ணி வராதும்மா. நேத்துத்தான் வந்துச்சு" என்றேன்.

"தெரியும்த்தா. நீ போய்ப் படு" என்றாள்.

தெரிந்துகொண்டே எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு தூக்கம் வந்ததால் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.